வன்தட்டு பழுதாகும் முன் லினக்ஸ் தரும் எச்சரிக்கை: பள்ளிகள் அறிய வேண்டியவை

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழகத்தை ஒட்டியுள்ள பகுதிகளில் தமிழ்வழிப் பள்ளிகள் இயங்கி வருகின்றன. மாநிலத்தின் பிற அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளைப் போலவே இங்கும் கணினிப் பாடம் லினக்ஸ் இயங்குதளத்தில் கற்பிக்கப்படுகிறது. பாடநூல் தமிழில் இருந்தாலும், ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டில் கோளாறு ஏற்படும்போது லினக்ஸ் கருநிரல் பதிவு செய்யும் செய்திகள் ஆங்கிலத்திலேயே உள்ளன. அவற்றைப் படிக்காமல் இயங்குதளத்தை மீண்டும் நிறுவினால் பழுது நீங்காது. மாணவர்களின் கோப்புகளும் அழிய நேரிடும்.

பின்னணி என்ன?

கேரளத்தில் 2001-இல் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் தொடங்கப்பட்டது. 2017-இல் அது 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாற்றப்பட்டது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கென இயங்குதளத்தை இந்நிறுவனம் உருவாக்கி வருகிறது.

டிரைவர் எங்கே இருக்கிறது?

வன்தட்டுடன் பேசும் டிரைவர் மென்பொருள் லினக்ஸ் கருநிரலிலேயே இடம்பெற்றுள்ளது. சாட்டா, என்விஎம்இ, யுஎஸ்பி வகை வட்டுகளுக்குப் பெரும்பாலும் தனி டிரைவர் தேவையில்லை. சில புதிய மடிக்கணினிகளில் இன்டெல் ஆர்எஸ்டி வசதி இயக்கத்தில் இருந்தால், நிறுவும்போது வட்டு தென்படாமல் போகலாம். இது வட்டின் பழுதன்று. பயோஸ் அமைப்பு சார்ந்தது.

செய்தியின் பொருள்

முனையத்தில் 'சூடோ டிமெஸ்ஜி' என்ற கட்டளையை இட்டால் கருநிரலின் பதிவேட்டைக் காணலாம். அதில் 'ஐ/ஓ எரர்' என்ற சொல்லுடன் வட்டின் பெயரும் செக்டர் எண்ணும் இருந்தால், அந்த இடத்தில் படிக்கவோ எழுதவோ இயலவில்லை என்று பொருள். 'யுஎன்சி' என்பது வட்டில் உள்ள தரவைத் திருத்திப் படிக்க முடியாத நிலையைக் குறிக்கும். 'ஐசிஆர்சி' என்று வந்தால் தரவு செல்லும் வழியில் பிழை நேர்ந்துள்ளது; பல நேரங்களில் கேபிளை மாற்றினாலே சரியாகிவிடும்.

கோப்புகளைச் சேமிக்க முடியாமல் 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்று வருவதும் உண்டு. கோப்பு முறைமையில் பிழையைக் கண்டதும் மேலும் சேதம் ஏற்படாதிருக்க லினக்ஸ் எழுதுவதை நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்பு நடவடிக்கை இது.

முன்கூட்டியே அறிவது எப்படி?

வட்டுகள் தம் நிலையைத் தாமே கண்காணிக்கும் வசதி 'ஸ்மார்ட்' எனப்படுகிறது. உபுண்டுவின் 'டிஸ்க்ஸ்' செயலியில் இதைப் பார்க்கலாம். மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் ஆகியவற்றின் எண்ணிக்கை தொடர்ந்து உயர்ந்தால் வட்டை மாற்றுவதே நல்லது. எனினும், ஸ்மார்ட் சோதனையில் தேறிய வட்டும் திடீரெனச் செயலிழக்கக்கூடும்.

செய்ய வேண்டியவை

பிழை தெரிந்தவுடன் முதலில் கோப்புகளை வேறு வட்டுக்கு நகலெடுக்க வேண்டும். பழுதாகிவரும் வட்டில் 'எஃப்எஸ்சிகே' போன்ற சீரமைப்புக் கருவியை முதலிலேயே இயக்கினால் தரவிழப்பு அதிகரிக்கக்கூடும். அடுத்து கேபிளை மாற்றிச் சோதிக்கலாம்.

வட்டும் கேபிளும் நல்ல நிலையில் இருந்தும் பிழை தொடர்ந்தால் டிரைவர் மீது ஐயம் கொள்ளலாம். அப்போது கருநிரல் பதிப்பு, வட்டின் மாடல், பதிவேட்டின் முழு வரிகள் ஆகியவற்றுடன் முறைப்படி புகார் அளிக்க வேண்டும். பள்ளிகள் கைட் பயிற்றுநர்களையும், பிறர் தாங்கள் பயன்படுத்தும் இயங்குதள வெளியீட்டாளரையும் முதலில் அணுகலாம். 'கணினி ஓடவில்லை' என்று மட்டும் தெரிவிப்பதைவிட, பதிவேட்டின் ஒரு வரியை அப்படியே எழுதி அனுப்புவது பழுதைக் கண்டறியப் பெரிதும் உதவும்.