நடுவர் படிப்பது ஈரத்தை

எண்ணெய் வண்ணத்தில் ஒரு இடம் சரியாக வரவில்லையென்றால் அதன்மேல் இன்னொரு பூச்சு பூசி மறைத்துவிடலாம். நீர்வண்ணத்தில் அதற்கு வழியில்லை. முதல் பூச்சும் கடைசிவரை தெரியும். ஆகவே நீர்வண்ணக் கண்காட்சியின் நடுவர் படத்தின் அழகோடு நின்றுவிடுவதில்லை. வண்ணம் வைத்தபோது காகிதம் எவ்வளவு ஈரமாக இருந்தது என்பதையும் சேர்த்தே படிக்கிறார்.

முதலில் அவர் கண் தேடுவது வெள்ளையை. ஒளி மெல்லிய வண்ணப் படலத்தைக் கடந்து காகிதத்தில் பட்டுத் திரும்புவதால்தான் நீர்வண்ணம் துலங்குகிறது. மரபான முறையில் வெள்ளை வண்ணம் கிடையாது. தொடாமல் விட்ட காகிதமே வெள்ளை. அலைமேல் மின்னும் வெயிலுக்கான இடத்தை, பிரஷ் எடுக்கும் முன்பே ஓவியர் ஒதுக்கியிருக்க வேண்டும். மாஸ்கிங் திரவம் தடவி அந்த இடத்தைக் காப்பதும் உண்டு. ஆனால் அதை உரித்தபின் கத்தரித்தாற்போல நிற்கும் விளிம்பு, பழகிய கண்ணுக்குத் தப்பாது.

அடுத்தது ஓரங்கள். ஈரத்தின்மேல் வைத்த வண்ணம் பரவிக் கரையும். உலர்ந்த தாளில் வைத்தது கூர்மையாக நிற்கும். தேங்கிய வண்ணம் காயும்போது அதன் ஓரம் மட்டும் கறுத்துப்போகும். ஓரத்தில் நீர் வேகமாக ஆவியாக, அதை ஈடுகட்ட நடுவிலிருந்து ஓடிவரும் நீர் நிறமித் துகள்களையும் இழுத்துவருகிறது. மேசையில் சிந்திய காபி வளையமாகக் காய்வதும் இப்படித்தான். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997இல் 'நேச்சர்' இதழில் இதை விளக்கினார்கள்.

பாதி காய்ந்த பூச்சில் புதுநீர் விழுந்தால், அது நிறமியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பல்பல்லான விளிம்போடு நிற்கும். ஓவியர்கள் இதைக் 'காலிஃபிளவர்' என்பார்கள். தெளிந்த வானத்தின் நடுவே அது வந்தால் கைத்தவறு. புதராகவோ மேகமாகவோ பயன்பட்டிருந்தால் கைத்திறன். எது எது என்று தீர்மானிப்பதில்தான் நடுவர்களுக்குள் வாக்குவாதம் வரும்.

இப்போது பல போட்டிகளில் முதல் சுற்றுத் தேர்வு கணினித் திரையில் நடக்கிறது. அங்கே பெரிய படமும் சிறிய படமும் ஒரே அளவு. அல்ட்ராமரைன் நீலம் காகிதக் குழிகளில் தங்கி உண்டாக்கும் மணல்போன்ற நயம் திரையில் காணாமல் போகும். அடர்த்தியான வண்ணம் கொண்ட படம் முந்திக்கொள்ளும். பரிசை முடிவுசெய்ய அசல் படத்தின் எதிரே நிற்பது இதனால் அவசியமாகிறது. தள்ளி நின்றால் அமைப்பு பிடிபடும். நெருங்கினால்தான் பூச்சு தெரியும்.

நுட்பத்தில் சமமான இரண்டு படங்கள் மிஞ்சினால், எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவருக்கே பெரும்பாலும் பரிசு. திரும்பத் திரும்பத் தேய்த்த இடத்தில் நிறங்கள் கலங்கிச் சேறாகிவிடும். அடுத்த கண்காட்சியில் நீங்களும் சோதித்துப் பாருங்கள்: படத்தின் மிக வெளிச்சமான புள்ளி காகிதமா, பூசிய வண்ணமா? அந்த ஒரு கேள்வியிலேயே ஓவியரின் திட்டம் பாதி தெரிந்துவிடும்.