கேட்காமல் எழுதப்பட்ட செயலி

மென்பொருள் துறையில் 'தேவைகள்' என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. ஒரு செயலி என்ன செய்ய வேண்டும், எந்தச் சூழலில் செய்ய வேண்டும் என்று நிரல் எழுதுவதற்கு முன்பே வரையறுப்பது அது. செலவழிப்பவர், கண்காணிப்பவர், பயன்படுத்துபவர், அதனால் பாதிக்கப்படுபவர் என நால்வரையும் கேட்டே அதை எழுத வேண்டும். அரசுச் செயலிகளில் பெரும்பாலும் முதல் இருவரின் குரலே ஒலிக்கிறது என்பது இத்துறையில் பணியாற்றிய என் கணிப்பு.

நூறு நாள் வேலைத் திட்டத்தின் வருகைப் பதிவுச் செயலியை எடுத்துக்கொள்வோம். 2021 மே மாதம் அறிமுகமான அது, தனிநபர் பயன்பெறும் பணிகள் நீங்கலாக, 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளங்களிலும் கட்டாயமாக்கப்பட்டது. பணித்தளப் பொறுப்பாளர், பெரும்பாலும் தமது சொந்தக் கைப்பேசியில், தொழிலாளர்களை நாளுக்கு இருமுறை இருப்பிடக் குறிப்புடன் படமெடுத்துப் பதிவேற்ற வேண்டியிருந்தது. போலி வருகையைத் தடுப்பது நோக்கம். அதில் குறைகாண ஒன்றுமில்லை.

ஆனால், இத்திட்டத்தில் மண்வேலை போன்றவற்றுக்குக் கூலி, முடித்த வேலையின் அளவைப் பொறுத்ததாக இருந்தது. வெயில் ஏறுமுன் தம் பங்கை வெட்டி முடித்த பெண்கள், இரண்டாவது படத்துக்காக மட்டும் காத்திருக்கவோ மீண்டும் வரவோ நேர்ந்தது. சிக்னல் கிடைக்காத இடங்களில், உழைத்த நாளின் கூலியே கேள்விக்குறியானது.

பின்னர் திருத்தங்கள் வந்தன. முதல் பதிவுக்கு நான்கு மணி நேரம் கழித்து இரண்டாவது படத்தை எடுக்கலாம் என்றானது. காலை வருகையை இணையமின்றிப் பதிந்து, தொடர்பு கிடைத்ததும் ஏற்றலாம் என்றானது. விதிவிலக்கான சூழலில், கையால் எழுதிய வருகையை மாவட்ட ஒருங்கிணைப்பாளர் பதிவேற்ற அனுமதிக்கப்பட்டது. இவை மூன்றும் பணித்தளப் பொறுப்பாளர் ஒருவருடன் அரைநாள் அமர்ந்திருந்தால் தொடக்கத்திலேயே தெரியவந்திருக்கக் கூடியவை.

கண்காணிப்பவரின் தேவையேனும் நிறைவேறியதா? தொடர்பற்ற படங்களும், படத்தையே மீண்டும் படமெடுத்தவையும் பதிவேற்றப்பட்டதாக ஊரக வளர்ச்சி அமைச்சகமே 2025 ஜூலையில் சுற்றறிக்கை அனுப்பியது. அவற்றை ஊராட்சி முதல் மாநிலம் வரை அலுவலர்கள் சரிபார்க்க வேண்டுமென்பது அது சொன்ன தீர்வு. எந்த வேலையை மிச்சப்படுத்தச் செயலி வந்ததோ, அந்த வேலை திரும்பி வந்தது.

எல்லோரையும் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள் என்பது வழக்கமான மறுப்பு. உண்மைதான், கண்காணிப்பவர் இரண்டு படம் கேட்பார், தொழிலாளி ஒன்று போதும் என்பார். அந்த முரணை வெளிப்படையாகப் பேசித் தீர்ப்பதற்காகத்தானே கேட்கிறோம்? மாவட்டத் தலைநகரில் கூட்டம் கூட்டி, தேநீர் வழங்கிக் கையொப்பம் பெறுவதை நான் சொல்லவில்லை. மூன்று பணித்தளங்களில் ஒரு மாதம் சோதித்த பின்னரே நிரல் ஏற்கப்படும் என்று பணி ஆணையில் ஒரு வரி சேர்க்கலாம். அவற்றில் ஒன்று சிக்னல் எட்டாத மலைக்கிராமத்தில் இருக்கட்டும்.