குலத்தொழில் வேண்டாம் என்ற பெண்

தகப்பனார் வக்கீல் என்றால் பிள்ளையும் கறுப்பு அங்கி மாட்டியே தீர வேண்டும் என்னும் குடும்பங்களை நாம் அறிவோம். ஸ்கடர் குடும்பம் இவ்விஷயத்தில் எல்லோரையும் மிஞ்சியது! 1819-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறிய பாட்டனார் மிஷன் வைத்தியர். பிள்ளைகள் ஏழு பேரும் மிஷன் ஊழியர்கள். 1870-ல், தோல் பதனிடுவதற்குப் பேர்போன நமது ராணிப்பேட்டையில் பிறந்த பேத்தி ஐடா மட்டும் குலத்தொழில் வேண்டாமென்று தீர்மானித்துவிட்டாள். அமெரிக்கப் பள்ளியில் குறும்புக்காரி என்று பெயர் வேறு!

1890-ல் திண்டிவனம் வந்தது, நோயுற்ற தாயாரைக் கவனிக்கத்தான். ஓர் இரவு மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்தனர். டாக்டரான தகப்பனாரை அழைத்துப் போகச் சொன்னாள் ஐடா. ஆண் வைத்தியரா? கூடவே கூடாதென்று மூவரும் திரும்பிவிட்டனர். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். குடும்பத்தாரின் வற்புறுத்தலால் அல்ல, அந்த இரவினால்தான் ஐடா டாக்டருக்குப் படிக்கப் போனாள்.

1899-ல் பட்டம், மறு வருஷம் இந்தியா திரும்பியபோது பள்ளிச் சிநேகிதி ஆனி ஹான்காக்கும் உடன் வந்தாள். ஆனி வைத்தியம் படித்தவளல்ல. வேலூரில் வீடு வீடாகச் சென்று பெண்களுடன் பழகினாள். புதிய டாக்டரம்மாளுக்கு இதைவிட வேறென்ன உதவி வேண்டும்?

1918-ல் அம்மையார் வேலூரில் பெண்களுக்கென்றே வைத்தியப் பள்ளி திறந்தார். குலத்தொழிலைத் தாம் ஏற்றது போதாதென்று, ஊரார் வீட்டுப் பெண்களுக்கும் பிடித்துக் கட்டிவிட்டார்!