நெல்லிக்காய் மூட்டைக்குள் மின்னோட்டம்

வளையும் திரை என்றதும் நம் கவனம் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தாளின் மீதே போகிறது. தாள் எப்போதோ கையில் இருந்தது. அது தாங்கும் சூட்டிலேயே படிந்து, படிந்த பிறகு எலெக்ட்ரான்களைத் தாராளமாக ஓடவிடும் பொருள்தான் அப்போது இல்லை. திரையின் ஒவ்வொரு புள்ளியையும் ஏற்றி அணைக்கும் சுவிட்சு, மென்படல டிரான்சிஸ்டர். 1962இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. ஆய்வுக்கூடத்தில் பால் வைமர் அதைக் காட்மியம் சல்ஃபைடில் செய்து காட்டினார். 1970களின் இறுதியில் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் ஸ்பியரும் லெகோம்பரும் படிக ஒழுங்கற்ற சிலிக்கானுக்கு அதைக் கொண்டுவந்தார்கள்; பிற்பாடு வந்த தட்டைத் திரைகளில் பெரும்பாலானவை அதன் வாரிசுகள். கண்ணாடிமேல் அதைப் படியவைக்க வழக்கமாக ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக் அந்தச் சூட்டில் உருகிவிடும்.

டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தின் ஹிதேயோ ஹோசோனோ கண்ணாடி ஆய்விலிருந்து வந்தவர். கண்ணாடியோடு பழகியவருக்கு ஒழுங்கின்மை ஒரு குறையாகத் தெரியாது. அவர் வெற்றிக்கு இந்தப் பின்புலமே முதல் காரணம் என்பது என் கணிப்பு. சிலிக்கான் அணுக்களின் பிணைப்புகளுக்குத் திசை உண்டு. கோணம் பிசகினால் எலெக்ட்ரானின் வழி அடைபடும். இண்டியம் போன்ற கனமான உலோகங்களின் ஆக்சைடில் எலெக்ட்ரான் ஓடும் வெளிக்கூடு பெரியது, உருண்டையானது. நெல்லிக்காய் மூட்டையை ஒற்றுமையின்மைக்கு உவமை சொல்வார்கள். ஆனால் மூட்டை அவிழாதவரை, எப்படிக் குலுக்கினாலும் ஒரு காய் அடுத்ததைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். அணுக்கள் ஒழுங்கின்றிக் கிடந்தாலும் கூடுகள் தொட்டுக்கொண்டு எலெக்ட்ரானுக்கு வழிவிடும் என்ற இந்த யோசனையை ஹோசோனோ 1996இல் முன்வைத்தார். 2004இல் அவர் குழு இண்டியம், கேலியம், துத்தநாகம் கலந்த ஆக்சைடை அறை வெப்பத்திலேயே பிளாஸ்டிக் தாளில் படியவைத்து, வளையும் டிரான்சிஸ்டரை நேச்சர் இதழில் அறிவித்தது. எலெக்ட்ரானின் இயங்குதிறன் (செ.மீ.²/வோல்ட்-நொடி அலகில்), ஒழுங்கற்ற சிலிக்கானில் 1ஐத் தொடுவதே அரிது. இதில் 6 முதல் 9 வரை கிடைத்தது.

அப்படியானால் இந்தப் பொருள் முதலில் வளையாத கண்ணாடித் திரைகளில் ஏன் குடியேறியது என்று கேட்கலாம். 2012இல் ஷார்ப் நிறுவனம் பெருமளவில் தயாரித்தவை அத்தகைய திரைகளே. கேள்வி நியாயமானது, ஆனால் பதில் ஹோசோனோவின் பக்கமே நிற்கிறது. லேசரால் உருக்கிப் படிகமாக்கிய சிலிக்கான் இதைவிடப் பத்து மடங்கு வேகமானது. ஆனாலும் படிகத் துகள்களின் எல்லைகளால் அதில் ஒரு டிரான்சிஸ்டர்போல் இன்னொன்று அமைவதில்லை. ஆக்சைடுப் படலத்தில் துகளே இல்லாததால் அகலமான திரையிலும் சீர்மை கெடாது. பிளாஸ்டிக்கில் கைகொடுத்த அதே ஒழுங்கின்மைதான் பெரிய கண்ணாடியிலும் கைகொடுத்தது. அணைத்த நிலையில் மின்கசிவும் மிகக் குறைவு. அதனால்தான் சில கைக்கடிகாரத் திரைகளில் இரண்டு பொருள்களையும் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள்.

வலுவான ஆட்சேபம் வேறொன்று. இந்த ஆக்சைடில் எலெக்ட்ரான் ஓடும், அதன் எதிரிணையான, எலெக்ட்ரான் விட்டுச்செல்லும் காலியிடமான துளை ஓடாது. 2021இல் ஆர்ம், பிராக்மாட்டிக் நிறுவனங்கள் இதே ஆக்சைடைக் கொண்டு பிளாஸ்டிக்கில் ஒரு 32 பிட் செயலியைச் செய்தன. அதில் 56,340 உறுப்புகள். உச்ச வேகம் 29 கிலோஹெர்ட்ஸ். துளையால் இயங்கும் இணை டிரான்சிஸ்டர் இல்லாத இடத்தில் மின்தடைகளை வைக்க நேர்ந்ததால், கணக்குப் போடாமல் சும்மா இருக்கும்போதும் அது மின்சாரம் குடித்தது. திரைக்கு இது பெரிய குறையல்ல. வளையும் கணினிக்கு இதுதான் முட்டுக்கட்டை.