எழுபதை ஐம்பத்தெட்டு வெல்லும் கணக்கு

உயர்தரப் பெறுபேறு வந்த அன்று ‘எத்தனை ஏ?’ என்று கேட்பவர் யாழ்ப்பாணத்துக்குப் புதியவராக இருக்க வேண்டும். ஊரார் கேட்பது இசட் புள்ளியை. மூன்று ஏ எடுத்தும் மருத்துவபீடம் கிடைக்காத பிள்ளைகள் இங்கே உண்டு. தசமத்துக்குப் பிறகு வரும் நான்கு இலக்கங்களில் அவர்களின் கதை முடிந்துவிடும்.

பௌதிகவியலில் எடுத்த 60ஐயும் இரசாயனவியலில் எடுத்த 60ஐயும் ஒன்றாக எண்ணலாமா? அமெரிக்கப் பள்ளிகளில் ஒரே பாடத்துக்கே சாதாரணம், ஹானர்ஸ், ஏபி என்று படிகள் இருக்கும். சாதாரண வகுப்பின் ஏ-க்கு 4 என்றால் ஏபி வகுப்பின் ஏ-க்கு 5 கொடுக்கும் பள்ளிகள் பல. எது கடினம் என்பதை அங்கே முன்கூட்டியே முடிவுகட்டிவிடுகிறார்கள். இலங்கையில் 2001 முதல், எழுதியவர்களின் விடைத்தாள்களே அதைச் சொல்கின்றன.

செய்கை சின்னது. உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் இடையைக் கழித்து, நியம விலகலால் வகுக்க வேண்டும். ஓர் உதாரணத்துக்கு, இரசாயனவியலின் இடை 50, விலகல் 20 என்று வைப்போம்; 70 எடுத்தவருக்கு 1. இணைந்த கணிதத்தின் இடை 34, விலகல் 16 என்றால் 58 எடுத்தவருக்கு 1.5. குறைந்த புள்ளி முந்திவிட்டது! மூன்று பாடங்களுக்கும் இப்படிக் கண்டு சராசரி எடுத்தால் அதுதான் இசட் புள்ளி.

ஓட்டையும் இங்கேதான். கெட்டிக்காரர் மட்டுமே எடுக்கும் பாடத்தில் இடை தானாக ஏறும். வினாத்தாள் இலகு என்று சூத்திரம் ஏமாறும். யாரை யாரோடு சேர்த்து இடை காண்கிறோம் என்பதில்தான் எல்லாம். 2011இல் பழைய, புதிய பாடத்திட்டக்காரரை ஒன்றாகக் கலந்து கணித்தார்கள். தனித்தனியே கணிக்கும்படி 2012இல் உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. 1970களில் மொழிமூலத்தை வைத்துப் புள்ளிகளைத் தரப்படுத்தியதை யாழ்ப்பாணம் இன்னும் மறக்கவில்லை. எண்களில் நியாயம் தேடுபவர், குழுவைப் பிரித்த கையைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

இசட் புள்ளி வந்தாலும் வேலை முடியாது. கலைப்பிரிவு நீங்கலாகப் பெரும்பாலான துறைகளில் 40 வீத இடங்கள்தான் அகில இலங்கைத் திறமைக்கு. 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி அந்தப் பட்டியலில் இருக்கிறது. பளை யாழ் குடாநாட்டுக்குள் இருந்தாலும் நிர்வாகத்தில் கிளிநொச்சியோடு சேர்ந்தது. ஏ9 வீதியில் எழுதுமட்டுவாள் யாழ் மாவட்டம், அடுத்த முகமாலை கிளிநொச்சி. எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தார் என்பதைக் கொண்டே வெட்டுப்புள்ளி தீர்மானமாவதால், ஒரே இசட் புள்ளி ஒரு பக்கத்தில் வெளியே நிற்க, மறுபக்கத்தில் மருத்துவபீடத்துக்குள் போகலாம்.