புதுச்சேரியில் புகையிலைப் பழக்க மீட்பு: உதவியும் மருந்துகளும்

புகையிலைப் பழக்க மீட்பு என்பது பீடி, சிகரெட், சுருட்டு, வாயில் அடக்கும் புகையிலை ஆகியவற்றுக்கு அடிமையான ஒருவர் அவற்றை விடுவதற்குத் தரப்படும் ஆலோசனையையும் மருந்துச் சிகிச்சையையும் குறிக்கும். புதுச்சேரி நகரில் இந்த உதவி அரசு மருத்துவமனைகள், மருத்துவக் கல்லூரிகள், பல் மருத்துவக் கல்லூரிகள், கட்டணமில்லாத் தொலைபேசி எண் ஆகிய வழிகளில் கிடைக்கிறது. ஆனால் விட நினைப்பவர்களில் பலர் எவரிடமும் சொல்லாமல் தனியாக முயன்று, மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பெட்டிக்கடைக்குத் திரும்பிவிடுகிறார்கள். மன உறுதி போதவில்லை என்று வீட்டார் சொல்வார்கள்; அவர்களும் அதையே நம்பிவிடுவார்கள். இது பெரும்பாலும் தவறான முடிவு.

2016–17இல் நடந்த உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 28.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர். புதுச்சேரியில் இது 11.2 விழுக்காடு. நாடு முழுவதும் புகைப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் விட்டுவிடும் எண்ணத்தில் இருந்ததையும் அதே கணக்கெடுப்பு பதிவு செய்தது. ஆகவே இங்கு குறைவாக இருப்பது விருப்பம் அல்ல, வழி பற்றிய தகவல்தான்.

விடுவது ஏன் கடினம்

புகையை உள்ளிழுத்த 10 முதல் 20 நொடிக்குள் நிக்கோட்டின் மூளையை அடைந்து, இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைனைச் சுரக்கச் செய்கிறது. இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. அப்போது எழும் எரிச்சல், பதற்றம், கவனச் சிதறல் ஆகியவை அடுத்த பீடியைத் தேட வைக்கின்றன. முற்றிலும் நிறுத்தியவருக்கு இந்த விலகல் அறிகுறிகள் முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணியும். பலரும் தோற்பது இந்த உச்ச நாட்களில்தான். எழுந்து அரை மணி நேரத்திற்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவருக்கு அடிமைத்தனம் அதிகம் என்று மருத்துவர்கள் கணிக்கிறார்கள். (நிக்கோட்டின் என்ற பெயர், 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகலிலிருந்து பிரான்சு அரசவைக்குப் புகையிலையை அனுப்பிய பிரெஞ்சுத் தூதர் ஜான் நிக்கோவின் பெயரிலிருந்து வந்தது.)

மதுவும் ஒரு தூண்டுதல். மதுக்கடைகளும் சாராயக்கடைகளும் நிறைந்த புதுச்சேரியில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல நாள் கட்டுப்பாடாக இருந்தவர் ஒரு மாலை நண்பர்களோடு குடிக்க உட்கார்ந்ததும் ‘ஒரே ஒரு தம்’ என்று தொடங்குவது வழக்கம். முதல் சில வாரங்களுக்கு மதுவைத் தவிர்க்குமாறு ஆலோசகர்கள் சொல்வதன் காரணம் இதுவே.

எங்கே அணுகுவது

இந்தியாவில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவுடன் முதல் புகையிலை மீட்பு மையங்கள் 2002இல் தொடங்கப்பட்டன. தமிழ்ப் பகுதியில் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் அவற்றுள் ஒன்று. 2007–08இல் தேசியப் புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது.

புதுச்சேரியில் கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையின் மனநல மருத்துவத் துறை அடிமைப் பழக்கங்களுக்குச் சிகிச்சை அளிக்கிறது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் இங்கு வருகின்றனர். நகருக்குள் இருப்பவர்கள் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனையை அணுகலாம். வேறு நோய்க்காக, எடுத்துக்காட்டாக இரத்த அழுத்தத்திற்கோ நீரிழிவுக்கோ, ஓ.பி. சீட்டு போட்டுச் செல்பவர் புகையிலைப் பழக்கத்தை அந்த மருத்துவரிடமே சொல்லிவிடுவது எளிய வழி. காசநோயாளிக்கு இது இன்னும் அவசியம். புகைப்பவருக்கு அந்நோய் வரும் வாய்ப்பும் சிகிச்சை பலனளிக்காமல் போகும் வாய்ப்பும் கூடுதல்.

மெல்லும் புகையிலை, குட்கா, உதட்டில் அடக்கும் பொட்டலங்கள் ஆகியவற்றைப் பயன்படுத்துவோர் பல் மருத்துவரிடம் போவது நல்லது. பல் மருத்துவக் கல்லூரிகளில் புகையிலை மீட்பு மையம் அமைக்க வேண்டும் என்று 2018இல் பணிக்கப்பட்டது. புதுச்சேரியில் அரசின் பல் மருத்துவக் கல்லூரியும் கோரிமேட்டுப் பகுதியிலேயே இருக்கிறது. வாயில் ஆறாத புண்ணோ சுரண்டினாலும் போகாத வெண்தடிப்போ இருந்தால் அங்கேயே பரிசோதித்துக்கொள்ளலாம்.

மருத்துவமனைக்குப் போகத் தயங்குபவருக்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. தில்லி வல்லபாய் பட்டேல் மார்பு நோய் நிறுவனத்தில் 2016இல் தொடங்கிய இச்சேவை, பின்னர் பெங்களூரு நிம்ஹான்ஸ் உள்ளிட்ட மையங்களுக்கும் விரிந்தது, தமிழிலும் பேசலாம். 2018 செப்டம்பர் முதல் இந்த எண் ஒவ்வொரு சிகரெட், பீடி, புகையிலைப் பொட்டலத்தின் மீதும் எச்சரிக்கைப் படத்தோடு அச்சிடப்படுகிறது. தினமும் அதைக் கையில் பிடிப்பவர்கள்கூட அதை ஒரு தொலைபேசி எண்ணாகப் பார்ப்பதில்லை. அழைத்தால் ஆலோசகர் பேசி, விடும் நாளைக் குறித்து, பிறகு தாமே திரும்ப அழைத்து விசாரிக்கிறார்.

மருந்துகள்

மருந்துகள் பழக்கத்தை ‘வெட்டிவிடுவதில்லை’; விலகல் அறிகுறிகளைத் தாங்கக்கூடிய அளவுக்குக் குறைக்கின்றன. கோக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, மருந்தின்றி முயலும் 100 பேரில் சுமார் 6 பேர் ஆறு மாதமோ அதற்கு மேலோ புகைக்காமல் இருக்கிறார்கள். ஒரு வகை நிக்கோட்டின் மாற்று மட்டும் பயன்படுத்தினால் 8, 9 பேர். இரண்டு வகைகளைச் சேர்த்தால் 12 பேர். வரெனிக்ளின் அல்லது சைட்டிசின் எடுத்தால் சுமார் 14 பேர். எண்கள் சிறியவையாகத் தோன்றலாம். ஆனால் இது ஒரு முயற்சியின் கணக்கு. வரெனிக்ளினோ சைட்டிசினோ வாய்ப்பை இரு மடங்குக்கும் மேல் உயர்த்துகிறது என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

நிக்கோட்டின் மாற்றுச் சிகிச்சையில் சூயிங் கம், சப்பும் மாத்திரை, தோலில் ஒட்டும் பட்டை ஆகியவை அடங்கும். தாரும் கார்பன் மோனாக்சைடும் இன்றி நிக்கோட்டினை மட்டும் இவை மெதுவாகத் தருகின்றன. 2 மி.கி. சூயிங் கம் மருந்துக்கடைகளில் வழக்கமாகச் சீட்டின்றிக் கிடைக்கிறது, 4 மி.கி.க்கு மருத்துவர் சீட்டு வேண்டும். 2022ஆம் ஆண்டு இந்திய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நிக்கோட்டின் மாற்றுச் சிகிச்சை சேர்க்கப்பட்டது.

கம்மைப் பயன்படுத்துவதில்தான் பெரும் பிழை நடக்கிறது. மிட்டாய்க் கம்மைப் போல விடாமல் மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும், ஏக்கம் தீராது. ‘போட்டுப் பார்த்தேன், வேலை செய்யவில்லை’ என்பவர்களில் பலர் இப்படிப் போட்டவர்களே. காரச் சுவையும் குறுகுறுப்பும் தெரியும்வரை மெதுவாக மென்று, பின் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவைக்க வேண்டும். குறுகுறுப்பு மறைந்ததும் மீண்டும் மெல்ல வேண்டும். இப்படி ஒரு துண்டு அரை மணி நேரம் வரும். காபி, எலுமிச்சைச் சாறு போன்றவை வாயின் காரத்தன்மையைக் குறைத்து நிக்கோட்டின் உறிஞ்சப்படுவதைத் தடுப்பதால், கம்முக்கு 15 நிமிடம் முன்பிருந்து அவற்றைத் தவிர்க்க வேண்டும். முதல் ஆறு வாரங்கள் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்திற்கு ஒரு துண்டு, பிறகு இடைவெளியைக் கூட்டி 12 வாரத்தில் நிறுத்துவது பொது முறை.

வரெனிக்ளின், பியூப்ரோபியான் இரண்டும் மருத்துவர் எழுதித் தர வேண்டிய மாத்திரைகள். புகைப்பதை நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே இவற்றைத் தொடங்குவார்கள். வரெனிக்ளின் நிக்கோட்டின் ஏற்பியில் பாதியளவு செயல்பட்டு ஏக்கத்தைக் குறைப்பதோடு, இடையில் ஒரு சிகரெட் பிடித்தாலும் அதில் சுகம் இல்லாமல் செய்கிறது. குமட்டலும் விநோதக் கனவுகளும் இதன் பொதுவான பக்க விளைவுகள். மனநிலையைக் கெடுக்கும் என்ற அச்சம் முன்பு பரவலாக இருந்தது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வு அதை உறுதிப்படுத்தவில்லை. பியூப்ரோபியான் மனச்சோர்வுக்கான மருந்து. வலிப்பு நோய் உள்ளவர்களுக்குத் தரக்கூடாது.

மின்சிகரெட் சில நாடுகளில் புகைப்பதை விட உதவும் கருவியாகப் பயன்படுகிறது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதன் தயாரிப்பும் விற்பனையும் தடை செய்யப்பட்டுள்ளன. ஆகவே அது இங்கு ஒரு வழியல்ல.

கருவுற்ற பெண்களுக்கும் 18 வயதுக்குட்பட்டோருக்கும் முதலில் ஆலோசனையே தரப்படுகிறது. மெல்லும் புகையிலைக்கு மருந்துகளின் பலன் குறித்த சான்று சிகரெட்டுக்கு இருப்பதைவிடக் குறைவு என்பதால் அங்கும் ஆலோசனைக்கே முதலிடம். சிகிச்சைக்குப் பின் மீண்டும் தொடங்கிவிட்டவரை மருத்துவர்கள் புதிதாக வந்தவரைப் போலவே நடத்துகிறார்கள்: எந்த நேரத்தில், யாரோடு இருந்தபோது தொடங்கினார் என்று கேட்டு, அதே மருந்தைச் சரியான முறையில் மீண்டும் தருவார்கள், அல்லது பட்டையோடு கம்மைச் சேர்த்து இன்னொரு நாள் குறிப்பார்கள்.