ரேஷன் கடை ராகியும் நம்ம சண்டே சாப்பாடும்

சுற்றுச்சூழல்னு பேச ஆரம்பிச்சாலே நமக்கு ஒரு பயம் வரும். ஏசி போடாதே, டூர் போகாதே, பிரியாணியைக் குறைன்னு லிஸ்ட் முழுக்க ‘கூடாது’தான் இருக்கும். அப்படி ஆரம்பிக்கிற எதையும் நான் 2 வாரத்துக்கு மேல செஞ்சதில்லை. அதனால இன்னைக்கு எதையும் விடச் சொல்லப் போறதில்லை. வாரத்துல ஒரு வேளை நல்லா சாப்பிடுறதைப் பத்தி மட்டும் பேசுவோம்.

இடம், தர்மபுரி மாவட்டம் பென்னாகரம். ஒகேனக்கல் போறவங்க பஸ்ல தாண்டிப் போற ஊர். காவிரி பக்கத்துலதான் ஓடுது, ஆனா பள்ளத்துல ஓடுது. மேட்டுல இருக்குற நம்ம காட்டுக்கு அந்தத் தண்ணி ஏறாது. அது மேட்டூர் அணைக்குப் போய், டெல்டாவுல நெல்லை விளைய வைக்குது. இங்க மானாவாரி நிலத்துல மழையை நம்பி ராகியும் சாமையும் போட்டாங்க. களிதான் தினசரி சாப்பாடு. அரிசிச் சோறு பொங்கல், தீபாவளிக்கு. பிறகு அரிசி சுலபமா கிடைக்க ஆரம்பிச்சதும், களி ‘இல்லாதவங்க சாப்பாடு’ ஆயிடுச்சு. விருந்தாளி வந்தா எங்க ஆயா களிச் சட்டியை மூடி வெச்சிடுவாங்க.

ஒரு டீஃபால்ட் மாறின கதை

2023-ல தமிழ்நாடு அரசு நீலகிரி, தர்மபுரி மாவட்டங்கள்ல ஒரு திட்டம் தொடங்கிச்சு. ரேஷன்ல 2 கிலோ அரிசிக்குப் பதிலா 2 கிலோ கேழ்வரகு. அந்தக் கேழ்வரகை நம்ம பக்கத்து விவசாயிங்ககிட்ட இருந்தே அரசு நேரடியா கொள்முதல் செய்ய ஆரம்பிச்சது. 2022-23-ல குவிண்டாலுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை 3,578 ரூபாய். அதே வருஷம் சாதாரண ரக நெல்லுக்கு 2,040.

சாஃப்ட்வேர்ல இருக்குறவங்களுக்கு இது புரியும். ஒரு ஆப்ல செட்டிங்ஸைத் திறந்து மாத்துறவங்க ரொம்பக் கம்மி. எது முதல்லயே ஆன் ஆகி இருக்கோ, அதுதான் ஓடும். இங்கயும் யாரும் மேடை போட்டு அறிவுரை சொல்லலை. பையில வர்ற தானியம் மாறிச்சு, அவ்வளவுதான்.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கு 100 கிராம்னு வெச்சா, 2 கிலோ 20 சாப்பாடு. 4 பேர் இருக்குற வீட்டுக்கு மாசத்துல 5 வேளை. அதாவது வாரத்துக்கு ஒரு வேளை கொஞ்சம் தாராளமாவே வரும்.

இதுல பூமிக்கு என்ன லாபம்?

1 கிலோ நெல் விளைய மழையும் பாசனமும் சேர்த்து சராசரியா சுமார் 2,500 லிட்டர் தண்ணி வேணும்னு சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் சொல்லுது. தண்ணி தேங்கின வயல்ல மண்ணுக்குள்ள காத்து போகாது. அந்த நிலைமையில வாழுற நுண்ணுயிரிகள் மீத்தேன் விடும். மனுஷனால வெளியாகுற மீத்தேன்ல சுமார் 8 சதவீதம் நெல் வயல்ல இருந்து வருது. ராகிக்கு வயல்ல தண்ணி நிறுத்தவே வேண்டாம்.

உடம்புக்கும் லாபம் இருக்கு. 100 கிராம் ராகியில 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம், அரிசியில 10-ஐத் தாண்டுறதே கஷ்டம். ஆனா ராகி சுகருக்கு மருந்துன்னு நம்பிடாதீங்க, அதுலயும் மாவுச்சத்துதான் அதிகம். சர்க்கரை கொட்டின ராகி பிஸ்கட்டும் பிஸ்கட்தான்.

யார் கிண்டுறது?

யாரும் பேசாத விஷயம் இதுதான். தானியத்தைச் சுத்தம் பண்ணி, கழுவிக் காய வெச்சு, மில்லுல அரைச்சு வாங்கணும். கொதிக்கிற நொய்யில மாவைப் போட்டு, கட்டி விழாம துடுப்பால கிண்டணும். கை விட்டுப் போகும். சாமைக்கு இதைவிட வேலை, உமியை வேற நீக்கணும். அரிசி வந்ததும் அம்மாக்கள் நிம்மதியா மூச்சு விட்டதுக்கு அந்தஸ்து மட்டும் காரணம் இல்லை, கைவலியும் ஒரு காரணம்.

அதனால ‘இனிமே நம்ம வீட்டுல சிறுதானியம்’னு நாம அறிவிச்சுட்டு போனோட உக்காந்துட்டா, நம்ம சுற்றுச்சூழல் அக்கறைக்கு அம்மா உழைக்கிறாங்கன்னு அர்த்தம். அது ரொம்ப நாள் ஓடாது, ஓடவும் கூடாது.

எங்க வீட்டுல இப்ப ஞாயித்துக்கிழமை களி. மில்லுக்குப் போறதும் கிண்டுறதும் என் வேலை. முதல் தடவை முழுக்கக் கட்டி. ஆயா ஒரு உருண்டையைக் கையில எடுத்துப் பாத்துட்டு, “இது களியா கல்லாடா?”ன்னாங்க. நாலாவது வாரம் பதம் வந்துச்சு. கூட ஒகேனக்கல் மீன் குழம்பு. இதுல தியாகம்னு சொல்ல என்ன இருக்கு சொல்லுங்க?

நீங்க சென்னையிலயோ பெங்களூருலயோ ரூம் எடுத்துத் தங்கி இருந்தா களியில ஆரம்பிக்க வேண்டாம். தோசை மாவுல கொஞ்சம் ராகி மாவு கலங்க, இல்லன்னா முருங்கைக்கீரை போட்டு ராகி அடை தட்டுங்க. வாரத்துக்கு ஒரு வேளை போதும். பிடிச்ச குழம்போட சேருங்க, வேலையை நீங்க எடுத்துக்கங்க. பிடிச்சுப் போச்சுன்னா அது தானா தொடரும்.

எங்க வீட்டுல இப்ப விருந்தாளி வந்தா களிச் சட்டியை யாரும் மூடுறதில்லை. அடுத்த எபிசோட்ல பாக்கலாம் மக்களே.